செக்-இன் பெட்டியைப் பூட்டுவதா, பூட்டாமல் விடுவதா?

முதல் முறையாக விமானத்தில் தொலைதூரம் போகிறீர்கள். நடுவில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். பெட்டியைப் பூட்டினால் சோதனைக்காரர்கள் உடைத்துவிடுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். பூட்டாவிட்டால் உள்ளே இருப்பது வந்து சேராது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி, பூட்டுவதென்றால் நம்பர் பூட்டா சாவிப் பூட்டா என்பது உங்கள் கேள்வி.

பூட்டுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எதற்காகப் பூட்டுகிறோம் என்று தெரிந்து பூட்ட வேண்டும். திருட்டுக்குப் பயந்து என்றால், அந்தப் பயத்துக்குப் பூட்டு மருந்தில்லை.

நான் சில வருடங்கள் ஒரு விமான நிலையத்தில் சாமான் புகார் கவுண்டரில் வேலை பார்த்தவன். பெட்டி வராதவர்கள், சக்கரம் போனவர்கள், ஜிப் பிளந்து டேப் சுற்றி வந்தவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் அது. சேர்ந்த முதல் வாரம் அங்கிருந்த மூத்தவர் ஒருவர் எனக்கு ஒரு வித்தை காட்டினார். யாரும் கேட்டு வராத பழைய சூட்கேஸ் ஒன்று மேசைமேல் இருந்தது. ஜிப்பின் இரண்டு ரன்னர்களையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டு தொங்கியது. அவர் சட்டைப் பையிலிருந்து சாதாரண பால்பாயின்ட் பேனாவை எடுத்து, அதன் முனையை ஜிப் பற்களுக்கு நடுவே வைத்து அழுத்தினார். பற்கள் பிளந்துகொண்டன. பேனாவை அப்படியே இழுத்துக்கொண்டு போனார். பெட்டி வாயைத் திறந்துவிட்டது. பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் மூடியை அமுக்கி, இரண்டு ரன்னர்களையும் பூட்டோடு சேர்த்துப் பிடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு முறை ஓட்டினார். ஜிப் பழையபடி மூடிக்கொண்டது. “பூட்டைத் தொட்டேனா?” என்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, ஜிப் வைத்த பெட்டியில் எவ்வளவு கனமான பூட்டைத் தொங்கவிட்டாலும் ஒன்றுதான். வழி பூட்டில் இல்லை, ஜிப்பில் இருக்கிறது.

இதில் கவனிக்க ஒரு நுணுக்கம் உண்டு. தொங்கும் பூட்டு ரன்னர்களை ஒன்றோடொன்று கட்டுகிறதே தவிர, பெட்டியோடு கட்டுவதில்லை. அதனால்தான் அவற்றை ஓட்டி ஜிப்பை மறுபடி மூட முடிகிறது. திறந்த சுவடே தெரியாது. பெட்டியின் உடம்பிலேயே பூட்டு பதித்து, ரன்னர்களின் நுனி அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும் வகை என்றால் அவை நகராது. பேனாவால் அதையும் பிளக்கலாம், ஆனால் திரும்ப மூட முடியாது. பிளந்தது பிளந்தபடியே பெல்ட்டில் வரும். பெட்டி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பதித்த பூட்டுக்கு இன்னொரு நன்மை, கன்வேயர் பெல்ட்டில் எங்கும் சிக்காது. தொங்கும் பூட்டு சிக்கினால் பூட்டோடு ரன்னரும் பிய்ந்துகொண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு, யாரோ உடைத்துவிட்டார்கள் என்று கவுண்டருக்கு வந்தவர்கள் நிறையப் பேர். ஜிப்பே இல்லாமல், சட்டமும் கொக்கியும் வைத்து மூடும் பெட்டிகளும் இருக்கின்றன. பேனா அவற்றிடம் செல்லாது. என்ன, எடையும் விலையும் கூட.

சரி, பிறகு எதற்குப் பூட்டு? முதலில், பெட்டி தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க. கவுண்டரில் நீங்கள் கொடுத்த பிறகு அது பெல்ட் மாறி, சரிவுகளில் சறுக்கி, வண்டியில் ஏறி, விமானத்தின் வயிற்றில் மற்ற பெட்டிகளுக்கு அடியில் நசுங்கி, திரும்ப இதே பாடெல்லாம் பட்டுத்தான் உங்களிடம் வருகிறது. திணித்து மூடிய பெட்டியில் ஜிப் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். ரன்னர்கள் கட்டுண்டு இருந்தால் நழுவாது. இரண்டாவது, திட்டம் போட்டு வராத கை. வெளி ஜிப்பை ஒரே இழுப்பில் திறந்து உள்ளே துழாவிப் பார்க்கிற ஆளுக்குப் பூட்டு ஒரு தொல்லை. பூட்டாத பெட்டி பக்கத்திலேயே இருக்கும்போது அவன் இதோடு மல்லுக்கட்ட மாட்டான். மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: பூட்டு ஒரு சாட்சி. போட்டபடி வந்திருக்கிறதா, இல்லையா என்பதைப் பெல்ட்டில் இருந்து எடுத்தவுடனே அது சொல்லும்.

இனி, உடைத்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருவோம். இது அமெரிக்காவிலிருந்து பரவிய பயம், காரணமில்லாமலும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது. டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு உருவானதும் அதன்படிதான். 2002 முடிவதற்குள் விமானத்தில் ஏற்றும் ஒவ்வொரு பெட்டியையும் வெடிபொருளுக்காகச் சோதித்தாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் கட்டளை. ஸ்கேனரில் சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாமலே. பூட்டியிருந்தால் வெட்டுவார்கள். உள்ளே ஒரு அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போவார்கள். வெட்டிய பூட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். ஆரம்பத்தில், பெட்டியைப் பூட்டாமலே கொடுங்கள் என்றுதான் பயணிகளிடம் சொன்னார்கள்.

அதற்கு மாற்றாக 2003-ல் வந்ததுதான் இப்போது எங்கும் கிடைக்கிற டிஎஸ்ஏ பூட்டு. சிவப்புச் சாய்சதுரக் குறி போட்டிருந்தால் டிராவல் சென்ட்ரி, தீப்பந்தக் குறி என்றால் சேஃப் ஸ்கைஸ். இரண்டுமே தனியார் நிறுவனங்களின் ஏற்பாடு. பூட்டில் 001, 007 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கான பொதுச் சாவி சோதனை அதிகாரிகளிடம் இருக்கும். அவர்கள் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டிவிடலாம். நம்பர் பூட்டிலும் ஒரு சாவித் துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் சாவி தர மறந்துவிட்டார் என்று தேடுகிறவர்கள் உண்டு. மறக்கவில்லை, அந்தத் துளை நமக்கானது அல்ல.

பொதுச் சாவி என்று ஒன்று இருந்தால் அது பொதுவாகிவிடும் என்பதும் நடந்தது. 2014-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, பெட்டிகள் எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்ற கட்டுரையோடு இந்தச் சாவிக் கொத்தின் படத்தைத் தெளிவாகப் போட்டுவிட்டது. 2015-ல் அந்தப் படத்தை ஆர்வலர்கள் கவனித்தார்கள். சாவிப் பற்களை அளந்து முப்பரிமாண அச்சுக்கான கோப்புகளாக்கி இணையத்தில் விட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டிலேயே அச்சடித்துப் பூட்டைத் திறந்தும் காட்டினார். மறு ஆண்டு சேஃப் ஸ்கைஸ் சாவிக்கும் அதே கதி. இந்தப் பூட்டுகள் மக்களின் வசதிக்கான பொருட்கள், எங்கள் பாதுகாப்பு முறை இவற்றை நம்பி இல்லை என்று டிஎஸ்ஏ சொல்லிவிட்டது. கேட்க எரிச்சலாக இருந்தாலும் உண்மை அதுதான். பேனாவால் திறக்கிற பெட்டிக்குக் கள்ளச்சாவி கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன?

அப்படியானால் டிஎஸ்ஏ பூட்டு வீண் செலவா? இல்லை. அது இல்லாவிட்டால் உங்கள் பூட்டுக்கு மட்டும் நஷ்டமில்லை, பெட்டியும் தாமதமாகலாம். அமெரிக்காவுக்கு வெளியே பல விமான நிலையங்களில் பயணியைக் கூப்பிட்டு அவர் முன்னால் திறப்பார்கள். அது நல்ல முறைதான். ஆனால் நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்குச் சிக்கல்: பெட்டி கீழே ஓரிடத்தில், நீங்கள் மேலே எங்கோ ஒரு வாசலில், அறிவிப்பு காதில் விழவில்லை. திறந்து பார்க்காமல் ஏற்ற முடியாது என்றால் அது அங்கேயே நிற்கும், நீங்கள் போய்விடுவீர்கள். அவர்களே திறக்கக்கூடிய பூட்டாக இருந்தால் இந்த வில்லங்கம் குறையும்.

எல்லாப் பெட்டியையும் திறக்கிறார்களா என்றால் இல்லை. ஸ்கேனர் பொருளின் அடர்த்தியைப் பார்க்கிறது. அடுக்கி வைத்த புத்தகக் கட்டு, கட்டியான இனிப்பு, பெரிய சோப்புப் பாளம், அவற்றோடு சுருண்டு கிடக்கும் வயர், சார்ஜர் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தால் படத்தில் குழப்பம். புத்தகங்களைப் பரப்பி வையுங்கள், வயர்களைத் தனிப் பையில் போட்டு மேலாக வையுங்கள். திறப்பதற்கான காரணத்தையே கொடுக்காமல் இருப்பது பூட்டைவிட நல்ல உபாயம்.

ஒரு சுவாரசியம், நடுவில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியைச் செக்-இன் செய்பவர் அதை அறிவித்து, கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்தச் சாவி அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது விதி. டிஎஸ்ஏ பூட்டாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விலை உயர்ந்த கேமரா கொண்டுபோகிற சிலர் இதற்காகவே ஓட்டப் பந்தயத்தில் சுடுகிற வெற்றுத் துப்பாக்கி ஒன்றை அதோடு வைத்துக் கொண்டுபோவதுண்டு. உங்களுக்கு இது வேண்டாத வேலை. ஆனால் உண்மையான பூட்டு எப்போது அவசியம் என்று அரசாங்கமே நினைக்கிறது என்பது இதில் தெரிகிறதல்லவா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். கவுண்டரில் அழுதுகொண்டு நின்றவர்களில் துணி போனதற்காக அழுதவர் ஒருவரும் இல்லை. நகை, பணம், மூலச் சான்றிதழ்கள், தினம் சாப்பிடுகிற மாத்திரை, மடிக்கணினி, இவைதான். இவை எதுவும் செக்-இன் பெட்டியில் இருக்கவே கூடாது, எந்தப் பூட்டானாலும் சரி. பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி, மின் சிகரெட் ஆகியவை தீ ஆபத்துக்காக விதிப்படியே தடை. அதற்காகவே பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். இன்னொரு பொறி உண்டு. கைப்பெட்டியில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவீர்கள். விமானம் நிரம்பிவிட்டது, மேலே இடமில்லை, இதைக் கீழே போடுகிறோம் என்று வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அந்த அவசரத்தில் நகையும் பவர் பேங்க்கும் அதோடு போய்விடும். அதனால் முக்கியமானதையெல்லாம் சின்னப் பை ஒன்றில் போட்டு, கைப்பெட்டியின் மேலாக வைத்திருங்கள். ஒரே கையால் உருவி எடுத்துக்கொள்ளலாம்.

போனால் இழப்பீடு தரமாட்டார்களா என்று கேட்பீர்கள். 1999-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்துகிற சர்வதேசப் பயணத்தில் தருவார்கள், ஆனால் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது பயணி ஒருவருக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. டாலரில் சுமார் 2,000 வரும். பெட்டிக்கு இவ்வளவு என்றில்லை, ஆளுக்கு. அதற்கு மேல் மதிப்பிருந்தால் முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம், கட்டுகிறவர் அபூர்வம். நகை, பணம் போன்றவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள் என்று விமான நிறுவனங்களின் நிபந்தனையிலேயே இருக்கும். வைத்துத் தொலைத்தால் வழக்காடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பெட்டி சேதமாகியிருந்தால், உள்ளே குறைந்திருந்தால், பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாகக் கிடைத்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாள். 21 நாளாகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கருதலாம். ஆனால் 7 நாள் இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பெல்ட் பக்கத்திலேயே கவுண்டர் இருக்கும்; அங்கேயே பதிவு செய்து எண் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வாசலைத் தாண்டிவிட்டால், அங்கே நடந்ததா வீட்டில் நடந்ததா என்ற கேள்வி வந்துவிடும். பூட்டு சாட்சி என்று சொன்னேனே, அது இந்த இடத்தில்தான் உதவுகிறது. பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்ததும் திறக்காமல் முதலில் படம் எடுங்கள், பிறகு கவுண்டரிலேயே திறந்து பாருங்கள்.

திருட்டைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு ஒன்று. 2023 மார்ச்சில் பிரேசிலைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கைதானார்கள். அவர்கள் பெயர் போட்ட டேக்குகளோடு வந்த பெட்டிகளில் கொக்கேன் இருந்தது. பெட்டிகள் அவர்களுடையவை அல்ல. சாவ் பாவ்லோவின் குவாருல்யோஸ் விமான நிலையத்துக்குள் யாரோ டேக்கைக் கழற்றி வேறு பெட்டிகளில் ஒட்டிவிட்டார்கள். கேமராப் பதிவுகள் கிடைத்து விடுதலையாக 38 நாள் ஆயிற்று. அவர்கள் பெட்டிகளில் எப்படிப்பட்ட பூட்டு இருந்திருந்தாலும் ஒரு பயனும் இல்லை. அதன் பிறகு நான் கவுண்டரில் பெட்டியைக் கொடுக்கும் முன் தராசின் மேலேயே வைத்து ஒரு படம் எடுத்துவிடுகிறேன்: பெட்டி, டேக் எண், எடை மூன்றும் தெரிகிற மாதிரி. பத்து இலக்க டேக் எண்ணும், அவர்கள் தருகிற துண்டுச் சீட்டும் பெட்டி கைக்கு வரும்வரை பத்திரம். பழைய பயணத்தின் டேக்கையும் பெட்டியில் ஒட்டியிருக்கும் குட்டிப் பட்டைக் குறி ஸ்டிக்கர்களையும் உரித்துவிடுங்கள். இயந்திரம் அதைப் படித்துவிட்டால் உங்கள் பெட்டி போன வருடம் போன ஊருக்கே போகப் பார்க்கும்.

உண்மையில் திருட்டுக்கு ஆளாகும் வாய்ப்பு குறைவு. விமானத் துறைக்குத் தொழில்நுட்பம் தரும் சிடா நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் உலக அளவில் 1,000 பயணிகளுக்கு 6.9 பெட்டிகள்தான் ஏதாவது ஒரு கோளாறில் மாட்டின. அதிலும் பெரும்பகுதி வெறும் தாமதம், முக்கியமாக விமானம் மாறுகிற இடத்தில். ஆகவே உங்கள் பயணத்துக்குப் பூட்டைவிட உபயோகம், கைப்பையில் ஒரு மாற்றுத் துணியும், பெட்டிக்குள் முகவரி எழுதிய ஒரு தாளும். வெளி டேக் பிய்ந்துபோனால் உள்தாள்தான் பேசும். இருப்பிடம் காட்டும் சின்னக் கருவி ஒன்றைப் போட்டுவைப்பதும் நல்லது.

பிளாஸ்டிக் உறை சுற்றுவது பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. அழுக்கும் கீறலும் படாது, ஜிப் தெறிக்காது. ஆனால் சோதனையில் வெட்டினால் மறுபடி சுற்றித் தரமாட்டார்கள். பூட்டு வாங்க மனமில்லை என்றால் பிளாஸ்டிக் கேபிள் டை இரண்டு போதும். ரன்னர்களைச் சேர்த்து, முடிந்தால் பெட்டியின் கைப்பிடி வளையத்தோடு இழுத்துக் கட்டுங்கள். யாராவது வெட்டினால் உடனே தெரியும். பளிச்சென்ற நிறத்தில் போடுங்கள், கறுப்பை யார் வேண்டுமானாலும் மாற்றிக் கட்டிவிடலாம். திரும்பி வருவதற்கு இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், வெட்ட ஒரு நகவெட்டியும்.

கடைசியாக, நம்பரா சாவியா? நம்பர். சாவி தொலையும், அதுவும் ஊர் போய்ச் சேர்ந்த இரவில் தொலையும். ஆனால் நம்பர் பூட்டுக்கும் ஒரு குணம் உண்டு. எண்ணை மாற்றுவதற்கென்று பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். திறந்திருக்கும்போது அது தெரியாமல் அழுந்தி, சக்கரமும் நகர்ந்துவிட்டால், எண் மாறிவிடும். அதனால் பெட்டி திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று முறை பூட்டிப் பூட்டித் திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். பூட்டியபின் மூன்று சக்கரங்களையும் கலைத்துவிடுங்கள். கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒருநாள் இரவு கவுண்டருக்கு ஒருவர் வந்தார், பூட்டு திறக்கவில்லை, கார் சாவி உள்ளே மாட்டிக்கொண்டது என்று. ஜிப் இல்லாத, கொக்கி வைத்த பெட்டி. மூத்தவரின் பேனாவுக்கு வேலையில்லை. உடைக்க எங்களிடம் கருவி கிடையாது. மூன்று சக்கரம் என்றால் மொத்தம் 1,000 எண், எண்ணுக்கு இரண்டு நொடி வைத்தாலும் முப்பத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது என்று சொல்லி ஒரு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தோம். 000-ல் ஆரம்பித்தார். 417-ல் திறந்தது. அவர் வைத்த எண் 317.